அடுத்த போகத்தில் இருப்பவர்

பசுந்தாள் உரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நட்டம்தான் வரும். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை வேண்டும். 45 நாள் வளரவிட்டுப் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால், செடி நன்றாக வந்திருக்கும் பட்சத்தில் ஏறத்தாழ 30 கிலோ தழைச்சத்து மண்ணில் சேரும். அவ்வளவு தழைச்சத்து ஒன்றரை மூட்டை யூரியாவில் இருக்கிறது. மானியம் போக 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. விதைக்கே அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். உழவுக் கூலி தனி.

இந்தக் கணக்கில் வராதவை பல. தக்கைப்பூண்டு களர் நிலத்தைத் திருத்தும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். மட்கும் தழை மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். நுண்ணுயிர்களுக்குத் தீனி கிடைக்கும். யூரியா இதில் ஒன்றையும் செய்வதில்லை. ஆனால் இந்தப் பலன்கள் மடக்கி உழுத போகத்திலேயே முழுதாகக் கைக்கு வருவதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செய்தால்தான் மண் மாறுவது தெரியும். ஆகவே, பசுந்தாள் விதைப்பவர் அடுத்த போகத்திலும் அதே நிலத்தில் இருக்கப்போகிறவராக இருக்க வேண்டும்.

இதை நான் புரிந்துகொண்டது தெற்கு ஆக்லாந்தின் விரியில், வாடகை வீட்டுப் பின்புறத்தில். ஊரிலிருந்து விதை கொண்டுவர முடியாது. விமான நிலையத்தில் அறிவிக்காமல் மாட்டிக்கொண்டால் 400 டாலர் அபராதம். கொண்டுவந்தாலும் தக்கைப்பூண்டு இந்தக் குளிருக்குத் தாங்காது. இங்கே அதன் வேலையைச் செய்வது லூபின், அதுவும் அவரைக் குடும்பம்தான். ஏப்ரலில், தக்காளியும் பூசணியும் ஓய்ந்த பிறகு விதைக்கிறேன். ஜூலையில் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பாக்டீரியாக்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். ஆகஸ்டில் வெட்டிப் புதைப்பேன். தஞ்சைப் பகுதிச் சேற்றில் ஒரு வாரம், பத்து நாளில் மட்கிவிடுவது இங்கே நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். தக்காளி நாற்று நடும்போது அக்டோபர் ஆகிவிடும்.

ஆக, விதைப்பிலிருந்து நடவுவரை ஆறு மாதம். 2025 ஜனவரி 30 முதல் நியூசிலாந்தில் காலவரையறை இல்லாத வாடகை ஒப்பந்தத்தை, காரணம் எதுவும் சொல்லாமல் 90 நாள் அவகாசம் கொடுத்து வீட்டுக்காரர் முடித்துக்கொள்ளலாம். லூபின் மட்கும் முன்பே நான் பெட்டி கட்ட வேண்டி வரலாம். அதனால் பின்புறம் முழுவதும் விதைப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கில்தான் விதைக்கிறேன்.

விரியில் மட்டுக்குட்டூரேயா என்றோர் எரிமலைக் குன்று உண்டு. அதன் அடிவாரத்து எரிமலைக் கற்களுக்கிடையே மாவோரி மக்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டார்கள். பகலில் வாங்கிய வெயிலைக் கற்கள் இரவில் மண்ணுக்குக் கொடுக்கும். சில ஆண்டுகள் பயிர் செய்தபின் ஒரு துண்டைச் செடி மண்ட விட்டு வேறு துண்டுக்குப் போவார்கள். பிறகு திரும்பி வருவார்கள். திரும்பி வர உரிமை இருந்ததால்தான் மண்ணுக்கு ஓய்வு கொடுக்க முடிந்தது. பின்னால் அந்தக் குன்றையும் அதன் இரட்டைக் குன்றையும் கல்லுக்காக வெட்டினார்கள். எஞ்சிய கல்தோட்டம் இப்போது பாதுகாக்கப்பட்ட இடம். சுற்றிலும் கிடங்குகள்.

இங்கே குடியிருப்பவனாகிய நான் மன்னார்குடிப் பக்கம் நிலக்காரன். அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக இரண்டு ஏக்கர் நஞ்சை. ஆண்டுக்காண்டு வாய்வழிக் குத்தகை. சம்பா, பிறகு உளுந்து, அதன்பின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கோடைப் பருத்தி. சித்திரையில் நிலம் சும்மா கிடந்த காலம் போய்விட்டது. குத்தகைக்காரரிடம் போனில் தக்கைப்பூண்டு பற்றிக் கேட்டேன்.

"போடலாம் தம்பி. அம்பது நாள் நிலத்துக்குத் தீனி போட்டுட்டு உக்காந்திருக்கேன். அடுத்த வருசம் நீங்க வேற ஆளுக்குக் குடுத்துட்டீங்கன்னா?"

வீட்டுக்காரரிடம் நான் கேட்க நினைத்து, கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி அது.

மூன்று ஆண்டுக் குத்தகையாகத் தாளில் எழுதிக் கொடுக்கலாம், பசுந்தாள் போடும் ஆண்டில் குத்தகை நெல்லில் ஏக்கருக்கு இரண்டு மூட்டை குறைக்கலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் ஒப்பவில்லை. "எழுதிக் குடுத்தா நெலம் நம்ம கையில இருக்காதுடா. நீ அங்க உக்காந்துக்கிட்டு மண்ணப் பத்திப் பேசுற. கோர்ட்டுக்கு அலையப்போறது நான்." அவன் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சாகுபடிக் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாதபடி 1955இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பாதுகாப்புக்கு அஞ்சித்தான் பல நிலக்காரர்கள் தாளைத் தவிர்க்கிறார்கள். தாள் இல்லாததால் உழுபவர் அடுத்த ஆண்டை நம்புவதில்லை. பசுந்தாள் விதை இருக்கிறது, மழை இருக்கிறது; நம்பிக்கைதான் இல்லை.

நாலு மாதம் பேசி, எழுதித்தான் கொடுத்தோம். அண்ணன் கையெழுத்துப் போட்டான். என்னோடு சரியாகப் பேச இரண்டு வாரம் ஆயிற்று. சித்திரையில் ஒரு மழைக்குப் பிறகு தக்கைப்பூண்டு விதைத்த படத்தைக் குத்தகைக்காரர் அனுப்பினார். மகிழ்ந்துபோய் உடனே கூப்பிட்டேன். அவர் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த வருசம் போட்டாச்சு. அடுத்த வருசமும் போடுவேன். மூணாவது வருசம் போட மாட்டேன் தம்பி, அதுக்கு நீங்க இன்னொரு தாள் எழுதணும்."