தன்னை அளத்தல்

பிறரை அளக்கத் தெரிந்தவர் பலர். தம்மை அளக்கத் தெரிந்தவர் சிலரே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்குத் திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய 'வலியறித'லைக் கற்பித்தவன் நான். ஆயினும் அதன் பொருளை நான் உணர்ந்த இடம் பள்ளியன்று. பாகூர் ஏரிக்கரையை அடுத்த ஒரு மண் திடலே ஆகும்.

பிரெஞ்சியர் புதுவையில் விட்டுச் சென்றவற்றுள் பெத்தாங்க் என்னும் விளையாட்டும் ஒன்று. தென் பிரான்சிலுள்ள லா சியோத்தா என்னும் ஊரில், 1907ஆம் ஆண்டளவில், மூட்டு நோயால் ஓடி எறிய இயலாத ஒருவருக்காக இது தோன்றிற்று என்பர். ஆடுவோர் சிறு வட்டம் ஒன்றனுள் இரு பாதங்களையும் ஊன்றி நிற்பர். ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவிலுள்ள சிறு மரப்பந்தை நோக்கி இரும்புக் குண்டுகளை எறிவர். பந்தின் அருகே குண்டை நிறுத்துவது ஒரு திறம். எதிரியின் குண்டை அடித்து அகற்றுவது மற்றொரு திறம். முதலில் 13 புள்ளிகள் பெறும் அணியே வெல்லும்.

2019ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபின், மாலைதோறும் திடலுக்குச் சென்று இவ்விளையாட்டைப் பழகினேன். ஒருநாள் நான் எறிந்த குண்டு எதிரியின் குண்டை அடித்து விலக்கி, அதன் இடத்திலேயே நின்றது. கண்டோர் கைதட்டினர். அவ்வொலி என் செவியை விட்டு அகலவில்லை.

சிற்றூர் அணிகளுக்குள் போட்டி ஒன்று வந்தது. அணிக்கு மூவர், ஒவ்வொருவருக்கும் இரண்டு குண்டுகள். என்னோடு சேர்ந்த இருவரும் என் பழைய மாணவர்கள். அவர்களுள் கொத்தனார் வேலை செய்யும் இளைஞர், அப்போட்டிக்காகவே சில நாள் கூலியையும் இழந்து பழகியவர். "ஐயா, நீங்கள் குண்டைப் பந்தருகே நிறுத்துங்கள், அடிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் பணிவுடன் கூறினார். நானோ அடிக்கும் பொறுப்பை எனக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆசிரியரை மறுத்துரைக்க அவருக்கு நா எழவில்லை.

இரு அணிகளும் 12 புள்ளிகளில் நின்றன. இறுதிக் குண்டு என் கையில் இருந்தது. எறிந்தேன்; அது வெறும் மண்ணில் விழுந்து உருண்டோடிற்று. தோற்றோம். இளைஞர் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. என் குண்டுகளைத் துடைத்துப் பையில் இட்டுக் கொடுத்தார். கடுஞ்சொல்லினும் அம்மௌனம் என்னைச் சுட்டது.

மறுநாள் விடியலில் தனியே திடலுக்குச் சென்றேன். எட்டு மீட்டர் தொலைவில் ஒரு குண்டை வைத்து, இருபது முறை எறிந்தேன், நான்கே பட்டன. பின்னர்ப் பந்தருகே நிறுத்த இருபது முறை எறிந்தேன். பதின்மூன்று குண்டுகள் ஒரு முழத்துக்குள் நின்றன. என் தரம் இன்னதென்று மண்ணே எழுதிக் காட்டிற்று. பட்ட ஒன்றை நினைவில் வைத்து, படாத பலவற்றை மறந்ததே என் பிழை.

அமெரிக்க நாட்டில் பொழுதுபோக்காக டென்னிஸ் ஆடுவோர், குழுப் போட்டிகளில் சேருமுன் 2.5, 3.0, 3.5 என அரை அரையாக ஏறும் தரங்களுள் தம் தரத்தைத் தாமே குறிக்கின்றனர். என்றோ ஒருநாள் வாய்த்த வீச்சு அங்குக் கணக்கன்று. பந்தைத் தவறாமல் திருப்பும் வழக்கமான திறனே கணக்கு. தம்மைத் தாழ்த்திக் கூறிப் புதியவர்களை எளிதில் வெல்ல முயல்வோரை விலக்கவும் அங்கு விதியுண்டு. மிகுத்துரைப்பின் துணைவர்க்குக் கேடு. குறைத்துரைப்பின் எதிரிக்கு அநீதி.

செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோடச் சொன்னார் வள்ளுவர். தன் வலிமையைப் பிழைபட அளந்தவன் துணைவரின் வலிமையையும் வீணாக்குகிறான் என்பதை நான் அறுபதுக்குமேல் கற்றேன்.

அடுத்த போட்டியில் குண்டை நிறுத்தும் பணியை நானே கேட்டுப் பெற்றேன். "இப்போதுதான் ஐயா நம் அணி சரியாக அமைந்தது" என்றார் அவ்விளைஞர். மாணவர்களே! என் வாழ்நாளில் நான் பெற்ற நற்சான்றுகளுள் அதனையே பெரிதாகப் போற்றுகிறேன்.