கொலைகாரன் யாருன்னு அம்மாவுக்குத் தெரியும்

ஹாபி என்னன்னு கேட்டார்கள். "ரீடிங் நாவல்ஸ் சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கடைசியா என்ன படிச்சீங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது.

கேம்பஸ் இன்டர்வியூவில் மூன்றாவது ரவுண்ட் அது. டை கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்கிற மாதிரியான ஒரு தடிப் புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். அதைப் பற்றி யூடியூப்பில் பத்து நிமிஷ வீடியோ பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். என் நேரம், எதிரில் இருந்தவர் அதை நிஜமாகவே படித்திருந்தார். ஆர்வமாக முன்னால் சாய்ந்து, அதில் எந்த அத்தியாயம் பிடிச்சதுன்னு கேட்டார். நான் "எல்லாமே சார்" என்றேன். அவர் மெதுவாகச் சிரித்துவிட்டு ஃபைலை மூடினார்.

லிஸ்டில் என் பெயர் இல்லை. அந்த ஒரு பொய்யால்தான் போச்சுன்னு சொல்ல மாட்டேன். டெக்னிக்கல் ரவுண்டில் தெர்மோடைனமிக்ஸ் கேள்வி ஒன்றுக்கும் உளறியிருந்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோது தெர்மோடைனமிக்ஸ் ஞாபகம் வரலை. அந்த வாரம் நான் உண்மையில் படித்துக்கொண்டிருந்த புத்தகம்தான் ஞாபகம் வந்தது. ரமணிசந்திரன் எழுதிய ஒரு காதல் நாவல். பிரவுன் அட்டை போட்டு, மேலே 'சிஏடி லேப் ரெக்கார்ட்' என்று எழுதி வைத்திருந்தேன். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட், பாய்ஸ் ஹாஸ்டல். வேற எப்படிப் படிக்கிறது சொல்லுங்கள்?

இது எப்படி ஆரம்பித்ததுன்னு முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம், செகண்ட் லாங்குவேஜ் ஹிந்தி. தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். இரண்டாம் வருஷ செமஸ்டர் லீவில் கோபி பக்கத்தில் இருக்கிற அம்முச்சி வீட்டுக்குப் போனேன். டவர் இல்லை, நெட் இல்லை. அட்டாலியைச் சுத்தம் பண்ணச் சொன்னார்கள். அங்கே ஒரு உரச் சாக்கு. உள்ளே முப்பத்தோரு மாத நாவல்கள். க்ரைம் நாவல், பாக்கெட் நாவல்னு எல்லாம் மஞ்சளாகிப் போன பேப்பர்.

"யாருதுங்க அம்முச்சி?" என்றேன்.

"உங்கம்மாளுதுதான் சாமி. எந்நேரமும் அதையேதான் வெச்சுட்டுக் குந்தியிருப்பா."

எனக்கு அது பெரிய செய்தி. எங்கள் வீட்டில் அம்மா புத்தகம் படித்து நான் பார்த்ததே இல்லை. காஸ் புக்கும் என் ரேங்க் கார்டும் தவிர.

முதல் நாவலை முடிக்க நாலு நாள் ஆச்சு. 'ழ'வும் 'ள'வும் தடுக்கிவிட்டுக்கொண்டே இருந்தன. இரண்டாவதுக்கு இரண்டு நாள். நாலாவது நாவலில் எழுத்து கண்ணுக்குத் தெரியவே இல்லை, கதை மட்டும்தான் தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் ஸ்கூல் சொல்லிக்கொடுக்காததைக் கொலை செய்தவன் யாருன்னு தெரிஞ்சுக்கிற அவசரம் ரெண்டே வாரத்தில் சொல்லிக்கொடுத்தது. அதனால்தான் இந்தப் புத்தகங்களை யாராவது 'டைம் பாஸ்' என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

சரி, இரண்டு வருஷமாகப் படித்த வகையில் என் அபிப்பிராயங்கள் இவை. சண்டைக்கு வரலாம்.

முதலாவது, லேசான மர்மக் கதையில் பயம் முக்கியமில்லை, கூட வருகிற ஆட்கள்தான் முக்கியம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் நல்ல உதாரணம். இரண்டு பேரும் சேர்ந்து மூன்லைட் என்று துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறார்கள். சுசீலா டி-ஷர்ட்டில் ஏதாவது குறும்பான வாசகம் இருக்கும், பரத் அதைக் கலாய்ப்பான், அவள் திருப்பிக் கொடுப்பாள். பிணம் ஒரு பக்கம் கிடக்கும், இவர்கள் சண்டை ஒரு பக்கம் நடக்கும். எனக்கு ஒரு கதையில் கொலைகாரன் யாருன்னு மறந்தே போச்சு, சண்டை மட்டும் ஞாபகம் இருக்கு. சுபாவின் நரேன்–வைஜயந்தியும், ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலாவும் அதே மாதிரிதான். ஆயிரத்து ஐந்நூறு நாவலுக்கு மேல் எழுதிய ராஜேஷ்குமாரே விவேக்குக்கு ஒரு ரூபலாவைக் கொடுத்திருக்கிறார் என்றால் காரணம் இல்லாமலா? துப்பறியும் கதைக்குள் ஒரு ரொமான்டிக் காமெடி ஒளிந்திருந்தால்தான் அது ஓடும் என்பது என் தியரி.

இரண்டாவது, ரொமான்டிக் காமெடியும் மர்மக் கதையும் ஒரே மெஷின்தான், கியர் மட்டும் ரிவர்ஸ். மர்மக் கதையில் முடிவை ஒளித்து வைக்கிறார்கள். காதல் கதையில் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், ஒளித்து வைப்பது வழியை. அதனால் அந்த வழி உண்மையாக இருக்கணும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் சந்தேகத்தை இருநூறு பக்கம் இழுத்தால் அது கதை இல்லை, லேப் ரெக்கார்டில் பக்கம் நிரப்புகிற வேலை.

மூன்றாவது, துப்பு நேர்மையாக இருக்கணும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு இரட்டைச் சகோதரன் வந்து குதித்தால் காசைத் திருப்பிக் கேட்கணும்போல இருக்கும். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, தேவனின் துப்பறியும் சாம்பு. 1940-களில் ஆனந்த விகடனில் வந்தது. ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கினேன். சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா, பெரிய மூக்கு, எல்லோரும் அசடு என்று நினைக்கிற ஆள். அவர் எதையும் கண்டுபிடிப்பதில்லை. தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்துபோவார். இதில் துப்பே கிடையாது, ஆனால் ஏமாத்துற மாதிரியும் இல்லை, ஏன்னா ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். எக்ஸ்டர்னல் கேட்கும் கேள்விக்குத் தெரியாமல் உளறி, அதுவே சரியான விடையாகிப் போன அனுபவம் இருக்கிறவர்களுக்கு சாம்பு சொந்தக்காரர்.

நாலாவது, பிடித்த எழுத்தாளர் என்பதற்காக எல்லாவற்றையும் விழுங்கணும்னு இல்லை. சுஜாதா நம்ம ஆள். எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்து பெல்லில் வேலை பார்த்த இன்ஜினியர். கணேஷ்–வசந்த் வேகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் வசந்த் பெண்களைப் பற்றி அடிக்கிற சில கமென்ட்டுகளைப் படிக்கும்போது, அதையே எங்கள் கிளாஸில் ஒருத்தன் சொன்னால் என்ன ஆகும்னு யோசிக்காமல் இருக்க முடியலை. அதே மாதிரி நான் படித்த ரமணிசந்திரன் கதைகளில் ஹீரோ பணக்காரன், முன்கோபி, ஹீரோயினைச் சந்தேகப்பட்டுக் கொட்டுகொட்டென்று கொட்டுவான், கடைசியில் மன்னிப்புக் கேட்பான், சுபம். எனக்கு அது எரிச்சல். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"அவன் பேசறதெல்லாம் டாக்ஸிக் மா."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் சொன்னது: "பேசறதெல்லாம் நெசத்துலயும் பேசறாங்கதான் கண்ணு. கடைசியில மன்னிப்புக் கேட்டது அந்தப் புஸ்தகத்துல மட்டுந்தான்."

அதுக்கு என்னிடம் பதில் இல்லை. இப்பவும் அந்த ஹீரோக்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தக் கடைசி ரெண்டு பக்கத்தை யார் எதுக்காகப் படித்தார்கள் என்று தெரிந்த பிறகு கிண்டல் பண்ண வாய் வருவதில்லை.

இன்டர்வியூ சொதப்பிய மறுநாள் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சாக்கிலிருந்த மிச்ச நாவல்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். எல்லா மர்ம நாவலிலும் ஏறக்குறைய நடுப்பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் ஒரு பெயர் எழுதியிருந்தது. 'டாக்டர்.' 'டிரைவர்.' 'ரேவதி.' சிலதில் பக்கத்தில் ஒரு டிக். கொலைகாரன் யாருன்னு பாதியிலேயே அம்மா எழுதிவைத்துவிட்டு, முடித்ததும் தனக்குத்தானே வேல்யூவேஷன் போட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். மர்ம நாவல் இருபத்தாறு, டிக் பத்தொன்பது. என் எந்த செமஸ்டர் பர்சன்டேஜும் அந்தப் பக்கம் போனதில்லை.

ஒன்றில் மட்டும் பெயர் இருந்தது, டிக்கும் இல்லை, தப்புக் குறியும் இல்லை. அட்டை கிழிந்து போயிருந்தது. கடைசிப் பதினாறு பக்கமும் இல்லை. ஓரத்தில் 'தம்பி' என்று எழுதியிருந்தது.

கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். புத்தகத்தை வாங்கி மோந்து பார்த்தது. அப்புறம் சிரித்தது.

"இது கண்ணாலத்துக்கு முந்தின வாரம் படிச்சது. முடிக்கறதுக்குள்ள சொந்தமெல்லாம் வந்துட்டாங்க. ஆடிக்கு வந்தப்பப் பாத்தா கடைசித் தாளையெல்லாம் கிழிச்சு உங்கம்முச்சி பலகாரத்துக்கு எண்ணெ ஒத்தப் போட்டிருந்தாங்க."

"அப்புறம் ஏம்மா படிக்கல? அப்பா திட்டுவாங்களா?"

"ச்சே. யாரும் படிக்காதேன்னு சொல்லல. படிக்கிறியான்னும் யாரும் கேக்கல. அப்பறம் நீ பொறந்துட்ட."

"சரி, தம்பின்னு எப்படிக் கண்டுபுடிச்ச?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதன் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. வைவாவில் விடை தெரிந்த பையன் முகம். "செத்தவனோட தம்பி, ஊருப்பக்கம் வந்து ஒரு வருசம் ஆச்சுன்னு போலீஸ்கிட்டச் சொல்லுவான். ஆனா அதுக்கு முன்னாடியே அந்த வீட்டு நாயைப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருப்பான். அது போன மாசந்தான் வாங்கின குட்டி. வேலைக்காரம்மா ஆரம்பத்துலயே சொல்லியிருக்கும். வராதவனுக்கு அது பேரு எப்படித் தெரியும்?"

போய்ப் புரட்டினேன். நாய்க்குட்டி வாங்கிய செய்தி 12-ஆம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. தம்பி அதைக் கூப்பிடுவது 41-இல். இரண்டையும் நான் படித்திருந்தேன், இரண்டையும் தாண்டிப் போயிருந்தேன். அம்மா அதை இருபத்திரண்டு வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறது, விடை சரியா தப்பான்னு தெரியாமலே.

அப்போதுதான் இன்டர்வியூ கதையைச் சொன்னேன். பொய் சொன்னது, மாட்டிக்கொண்டது, எல்லாம். திட்டும்னு நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அம்மா கேட்டது:

"ஏங்கண்ணு, அந்தாளு கேட்டப்ப இந்த நாயைப் பத்திச் சொல்லியிருக்கலாமல்ல?"

சொல்லியிருக்கலாம்தான். வேலை கிடைத்திருக்குமா தெரியாது. ஆனால் பத்து நிமிஷம் உண்மையாகப் பேசியிருப்பேன்.

இப்போது அகதா கிறிஸ்டியின் டாமி–டப்பென்ஸ் கதைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாவல் 1922-இல் வந்தது. முதல் உலகப் போர் முடிந்த லண்டன். ஒரு பையன், ஒரு பெண், இரண்டு பேர் வயதையும் கூட்டினால் நாற்பத்தைந்து வராது. இருவருக்கும் வேலை கிடையாது, டீ குடிக்கக் காசை எண்ணிப் பார்க்கிறார்கள். சரி, நாமே ஒரு கம்பெனி ஆரம்பிப்போம்னு துப்பறியக் கிளம்புகிறார்கள். வேலை கிடைக்காத இருபத்தொரு வயதுக்காரன் படிக்க இதைவிட நல்ல புத்தகம் உண்டா? இதில் இன்னொரு விஷயம். கிறிஸ்டியின் மற்ற ஹீரோக்கள் மாதிரி இல்லாமல் இவர்கள் கதைக்குக் கதை வயசாகிக்கொண்டே போகிறார்கள். கல்யாணம், குழந்தை, நரை எல்லாம் வருகிறது. கிறிஸ்டி கடைசியாக எழுதிய நாவல், 1973-இல் வந்தது, இவர்களுடையதுதான். அதில் இரண்டு பேரும் கிழவன் கிழவி, அப்பவும் துப்பறிகிறார்கள். தினம் ராத்திரி போனில் அம்மாவுக்கு ஒரு அத்தியாயம் தமிழில் சொல்கிறேன். பாதிக் கதையில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு பெயர் சொல்கிறது. நான் குறித்துவைக்கிறேன்.

அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி வருகிறது. ஹாபி கேட்பார்களான்னு தெரியாது. ரெக்கார்ட் நோட் அட்டையை மட்டும் கிழித்துவிட்டேன். ரூம்மேட் இரண்டு நாள் ஓட்டினான். மூன்றாம் நாள், "மச்சி, முடிச்சுட்டியா? கடைசியில சேந்துட்டாங்களா?"ன்னு கேட்டான்.

கடைசியாக ஒரு உதவி. உங்கள் வீட்டு அட்டாலியில், பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு மாத நாவல் இருக்கலாம். ஊருக்கு வராத ஒரு தம்பி, போன மாதம் வாங்கிய ஒரு நாய்க்குட்டி. கண்ணில் பட்டால் கடைசிப் பதினாறு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மெக்கானிக்கல், ஃபைனல் இயர், பி செக்ஷன்னு சொன்னால் போதும், வந்துவிடும்.

ஒரு டிக் போடவேண்டியிருக்கிறது.