பேச்சிப்பாறைக்கு மேலே சிரிக்கும் சொந்தக்காரர்கள்

“பாட்டா, அந்த மேகத்துக்குள்ள என்ன இருக்கு?”

“காடுதாம் மக்ளே. வேற என்ன?”

பேச்சிப்பாறை அணைக்கு வரும் எந்தக் குழந்தையும் கேட்கக்கூடிய கேள்வி இது. பாட்டா சொன்னது சரிதான். ஆனால் அந்தக் காட்டுக்குள் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டிருப்பதை அவர் சொல்லவில்லை.

கீழே ரப்பர் தோட்டங்களில், பால்வெட்டுக்குப் போகிறவர்களின் காலடியில் சருகைக் கிளறிக்கொண்டு ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் சலசலக்கும். அவற்றின் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மேல்மலையில் வாழும் அசம்பு சிரிப்பான். மைனாவைவிடச் சற்றே சிறிய பறவை. சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேல் குட்டையான வெள்ளைப் புருவம்.

இதுவும் தனியாக இருக்காது. குளிர்ந்த சோலைக்காட்டின் ஓரப் புதர்களில் சிறு கூட்டமாகத் திரியும். புழு பூச்சி பிடிக்கும், பழம் தின்னும், விதைகளைப் பரப்பும். மூடுபனியில் ஒன்றையொன்று பார்க்க முடியாதபோது குரல்தான் கயிறு. ஒன்று உரக்கக் கூப்பிட, இன்னொன்று பதில் கொடுக்க, கூட்டம் பிரியாமல் நகர்கிறது. (நம் வீட்டுக் கல்யாணக் கூட்டம் கோயில் திருவிழாவுக்குப் போவது மாதிரிதான்!)

கீழே இறங்கி வந்து சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டுப் போகலாமே? வராது. வெப்பமான தாழ்நிலம் அதற்கு ஆகாது. அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்மலைகள்தான் அதன் மொத்த உலகம். கணவாய்க்கு வடக்கே இருப்பது நீண்ட புருவம் கொண்ட பழனிச் சிரிப்பான். நீலகிரியிலும் கேரளத்தின் பாணாசுர மலையிலும் இன்னும் இரண்டு. மரபணு ஆய்வுக்குப் பிறகு, 2017-ல் இந்த நான்குக்கும் ‘மோன்டெசிங்க்லா’ என்ற தனிப் பேரினமே உருவானது. நான்கும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது.

சிக்கல் இங்கேதான். பூமி சூடாகும்போது மலைப்பறவைகள் குளிரைத் தேடி மேலே ஏறும். அசம்பு மலைத்தொடரின் உயரமான சிகரமான அகத்தியமலையே 1,868 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வெறும் ஆகாயம். பக்கத்து மலைக்கு மாறிக்கொள்ளலாம் என்றால், நடுவில் அந்தக் கணவாய். இந்தப் பறவை இப்போதே ‘அழிவாய்ப்புள்ள இனம்’ என்ற பட்டியலில் இருக்கிறது.

1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் கோதையாறும் அந்த மலைகளில்தான் பிறக்கிறது. மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுவது அங்குள்ள சோலைகள். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாயும் தண்ணீரில், சிரிப்பான்கள் விதை போட்ட மரங்களின் பங்கும் கொஞ்சம் இருக்கும்.

அடுத்த முறை பேரப்பிள்ளை கேட்டால், பாட்டா இதையும் சேர்த்துச் சொல்லலாம்.