22 புள்ளிகளும் ஒரு ரப்பர் பொட்டியும்

ஸ்பெக்ட்ரம்னு சொன்னதும் "எத்தனை கோடிப்பா?"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க மக்களே. இது அந்த ஸ்பெக்ட்ரம் இல்ல :-) இது இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த சின்க்ளேர் ரிசர்ச் 1982 ஏப்ரலில் வெளியிட்ட 8-பிட் வீட்டுக் கணினி. தயாரிப்பு நின்னது 1992-ல். நான் பொறந்ததே அதுக்கும் சில வருஷம் கழிச்சுத்தான். அதனால இது கொசுவத்தி சுத்துற பதிவு இல்ல.

பின்ன எதுக்கு? சொல்றேன். ஆபீஸ்ல இப்பல்லாம் பாதி கோட் டூலே எழுதிக் கொடுத்துடுது. நான் படிச்சுப் பார்த்து தலையாட்டுறேன். ஆறு வருஷமா ஆணி புடுங்குறேன், ஆனா ஒரு மெஷினை அடியிலிருந்து நுனி வரைக்கும் எனக்குத் தெரியுமான்னு ஒரு நாள் ராத்திரி யோசிச்சா, பதில் வரல. முழுசாத் தெரிஞ்சுக்கக்கூடிய அளவுல ஏதாவது மெஷின் இருக்கான்னு தேடினப்ப மாட்டினதுதான் இந்தப் பொட்டி.

மேட்டருக்கு வருவோம். 16 கே மாடல் 125 பவுண்டு, 48 கே மாடல் 175 பவுண்டு. மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியில சொருகிக்கணும். டிஸ்க் கிடையாது, பாட்டு கேக்குற கேசட் பிளேயர்தான். 40 ரப்பர் விசைகள். ஹார்டுவேர் டிசைன் ரிச்சர்ட் ஆல்ட்வாசர், பேசிக் மொழி ஸ்டீவ் விக்கர்ஸ், வெளித்தோற்றம் ரிக் டிக்கின்சன். மொத்தத்துக்கும் மேல கிளைவ் சின்க்ளேர். மனுஷனுக்கு ஒரே குறி: விலை.

அந்தக் கஞ்சத்தனத்துல இருந்து பொறந்த புத்திசாலித்தனம்தான் எனக்குப் புடிச்சது. 48 கே மாடல்ல மேல் 32 கே மெமரி இருக்கே, அதுக்கு வாங்கினது 64 கிலோபிட் சிப்புகள். ஆனா பாதி பழுதானவை! ஒரு பாதி சோதனையில தேறாததால விலை கம்மி. எட்டு சிப்பிலும் நல்ல பாதி ஒரே பக்கமா இருக்கற மாதிரி பொறுக்கிப் போட்டு, எந்தப் பாதின்னு போர்டுல ஒரு கம்பியை வச்சு சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ல கிழிஞ்ச வேட்டியை நல்ல பக்கம் தெரியற மாதிரி மடிச்சுக் கட்டுவோமே, அதே டெக்னிக்.

அடுத்து, திரை. 256-க்கு 192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 நிறத்துல ஒண்ணுன்னு கொடுத்தா 24,576 பைட் வேணும். 16 கே மாடல்ல மொத்த மெமரியே 16,384 பைட்தான். என்ன பண்ணாங்க? புள்ளி இருக்கா இல்லையான்னு சொல்ல மட்டும் 6,144 பைட். நிறத்துக்கு, 8-க்கு 8 கட்டம் ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு பைட், ஆக 768. மொத்தம் 6,912 பைட்ல கலர் படம் முடிஞ்சது. விலை? ஒரு கட்டத்துக்குள்ள ரெண்டு நிறம்தான். பச்சை மரத்துப் பக்கத்துல மஞ்சள் சட்டைக்காரன் போனா மரமும் மஞ்சளாயிடும். 1984-ல் வந்த நைட் லோர் விளையாட்டு, இந்தத் தொல்லையே வேண்டாம்னு ஒரு அறைக்கு ஒரே நிறம்னு வச்சு, அதுலயே முப்பரிமாண உலகத்தைக் காட்டிச்சு.

மத்த வேலைக்கெல்லாம் ஃபெர்ராண்டி தயாரிச்ச யூஎல்ஏங்கிற ஒத்த சிப். 254-ங்கிற போர்ட்டுக்கு எழுதினா மூணு பிட் திரையோட பார்டர் நிறம், ஒரு பிட் கேசட், ஒரு பிட் ஸ்பீக்கர். அதே 254-ல படிச்சா கீபோர்டும் கேசட்ல இருந்து வர்ற சத்தமும். அவ்ளோதான்.

மூளை இசட்80, 3.5 மெகாஹெர்ட்ஸ். இங்கதான் நான் நிமிர்ந்து உக்காந்தேன். இன்டெல்ல 8080-ஐ உருவாக்கின ஃபெடெரிகோ ஃபாஜின் வெளிய வந்து சைலாக் கம்பெனி ஆரம்பிச்சு 1976-ல் கொண்டு வந்தது இசட்80. அதே 8080-க்கு இன்டெல் வீட்டுலயே பொறந்த இன்னொரு புள்ளை 8085. ஆமா சார், இன்ஜினியரிங் படிச்ச எல்லாரும் லேப்ல கும்பிட்ட அதே 8085! ரெண்டும் பங்காளிங்க. எம்விஐ ஏ-க்கு த்ரீ-ஈ, அவுட்டுக்கு டி-த்ரீ, ரிட்டர்னுக்கு சி-நைன்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோமே, இசட்80-லயும் அதே எண்கள்தான்.

எமுலேட்டரைத் திறந்தேன். எங்க லேப் கிட்ல புரோகிராம் எப்பவும் 4100-ல ஆரம்பிக்கும். ஹெக்ஸ் கணக்கு, டெசிமல்ல 16640. பழக்க தோஷம், இங்கயும் அங்கேயே போட்டேன். 62, 2, 211, 254, 201. ஒவ்வொண்ணா போக் பண்ணப் பண்ண, திரையோட இடது மேல் மூலையில குட்டிக் குட்டிப் புள்ளிகள் முளைச்சுது!

ஏன்னா ஸ்பெக்ட்ரம்ல திரை மெமரி ஹெக்ஸ் 4000-ல ஆரம்பிக்குது. 4100, மேலிருந்து ரெண்டாவது புள்ளி வரி. அடுத்த வரி 32 பைட் தள்ளித்தானே இருக்கணும், ஏன் 256 தள்ளி இருக்கு? கிறுக்குத்தனம் இல்ல. எழுத்து வரையும்போது ஒரு வரி கீழ இறங்க, முகவரியோட மேல் பைட்டை ஒண்ணு கூட்டினாப் போதும். ஒரே ஒரு கட்டளை.

நான் எழுதின புரோகிராம் 22 புள்ளிகளா என் கண்ணு முன்னாடியே நிக்குது. ஓட விட்டேன். பார்டர் சிவப்பாச்சு. அடுத்த விசையைத் தட்டினதும் பழைய வெள்ளைக்கே போயிடுச்சு. ஏன்னா விசையோட 'டிக்' சத்தமும் பார்டர் நிறமும் போற வழி அதே 254! எனக்கு யாரும் சொல்லித் தரல, டூல் கிட்டயும் கேக்கல. தெரிஞ்சதை வச்சு நானே கண்டுபிடிச்சது.

ரூம்மேட் எட்டிப் பார்த்துட்டு, "டேய், ஒரு கோடு சிவப்பானதுக்கா ராத்திரி ரெண்டு மணி?"ன்னான். ஆமாடா மச்சி. அஞ்சே பைட், ஒவ்வொரு பிட்டும் எங்க போகுது, என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல நான் ஓகே சொல்ற எந்த ஒரு வரியைப் பத்தியும் அப்படிச் சொல்ல முடியாது.

1986 ஏப்ரல்ல சின்க்ளேர் தன் கணினி வியாபாரத்தை ஆம்ஸ்ட்ராட் கம்பெனிக்கு 50 லட்சம் பவுண்டுக்கு வித்துட்டார். 2021 செப்டம்பர்ல காலமானார். அவர் பொட்டியில டைப் பண்ணிக் கத்துக்கிட்ட ஒரு தலைமுறையே பிரிட்டன்ல புரோகிராமர் ஆச்சு. அவங்களுக்குக் கிடைச்சது வேகமான மெஷின் இல்ல, மூடியைத் திறந்தா உள்ள வரைக்கும் தெரியற மெஷின்.

டூல் நல்லா எழுதுது, மறுக்கல. நாளைக்கும் தலையாட்டத்தான் போறேன். ஆனா இந்த 16 கே ரோமை தினம் ஒரு பக்கமா படிச்சு முடிக்கணும்னு முடிவு பண்ணியிருக்கேன். வேலைக்கு உதவுமான்னு கேட்டா, உதவாது. "நீ இன்ஜினியரா?"ன்னு என்னை நானே கேட்டுக்கறப்போ பதில் சொல்ல உதவும்.

டிஸ்கி: வீட்டுல பரண் மேல பழைய 8085 புக் இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. எனக்குக் குடுங்க :-)