மீன் நீங்கிய நீர்

மன்னன் மாய்ந்தால் பாணன் யாழைக் கீழே வைத்துப் புலம்புவான். செய்வதறியாது கை ஓய்ந்த அந்நிலைக்குக் கையறுநிலை என்று பெயரிட்டது எம் பழந்தமிழ். கிறிஸ் ஸ்குவையர்! நின்பொருட்டு அம்மரபு தலைகீழாயிற்று. ஈண்டு மாய்ந்தவன் பாணனே. கருவி உளது, பாட்டும் உளது, கைதான் இல்லை. 2015 ஜூன் 27 அன்று, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், குருதியுள் புகுந்த புற்றுநோய் 67 வயதில் நின்னைக் கொண்டுபோயிற்று.

நின் குழுவோ இன்றும் மேடை ஏறுகிறது. ரோஜர் டீன் 1972இல் வளைத்து வரைந்த அதே எழுத்தில் 'யெஸ்' என்னும் பெயர் துலங்குகிறது. அதன்கீழ் நிற்போருள் அப்பெயரை முதலில் சூடிய ஐவரில் ஒருவனும் இலன். அதே குழு என்கோ? அன்று என்கோ? ஆம் என்றால் என் செவி மறுக்கிறது. இல்லை என்றால் நீயே மறுப்பாய்.

கிங்ஸ்பரியில், புனித ஆண்ட்ரூ தேவாலயத்துப் பாடகர் வரிசையில் சிறுவனாய் நின்றாய். பல குரல் தத்தம் வழியே சென்று ஒன்றாகும் வித்தையை ஆங்கே பயின்றாய். 1967இல் எல்.எஸ்.டி. உண்டு மருத்துவமனையில் கண்விழித்தாய். பின்னர் வெளியுலகை அஞ்சி மாதக்கணக்கில் வீட்டினுள் அடைந்து கிடந்தாய். துணையாய் இருந்தது பேஸ் கிட்டார். அந்த அச்சமே நின் குருகுலமாயிற்று. மறு ஆண்டு, சோஹோவின் வார்டர் தெருவில், லா ஷாஸ் என்னும் சிறு மதுக்கூடத்தில், அக்ரிங்டனிலிருந்து வந்த பாடகன் ஜான் ஆண்டர்சனைக் கண்டாய். பீட்டர் பாங்க்ஸ், டோனி கே, பில் புரூஃபோர்டு ஆகியோர் சேர ஐவரானீர்.

பிரிவு வர நெடுநாள் ஆகவில்லை. 1970இல் பாங்க்ஸ் அகன்றான், ஸ்டீவ் ஹவ் வந்தான். 1971இல் கே அகன்றான், ரிக் வேக்மன் வந்தான். வந்தவர் அத்துணை வலியர். ஆதலின் போனவர்க்கு அழுதோர் சிலரே. எனினும் 1972இன் பிரிவை எண்ணுந்தோறும் நெஞ்சு துணுக்குறும். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுதும் ஒரே பாட்டாய், பதினெட்டு நிமிடத்திற்கும் மேலாக ஓடும் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதிவாகி முடிந்தது. அது கடைக்கு வருமுன்னரே புரூஃபோர்டு கிங் கிரிம்சன் குழுவுக்குச் சென்றுவிட்டான். ஆலன் வைட் மூன்றே நாளில் அத்தனை பாட்டையும் கற்று டல்லாஸ் நகரில் மேடை ஏறினான். புரூஃபோர்டின் கோல் தாளத்தைக் கூர்மையாய் நறுக்கும்; வைட்டின் கை கனமாய் ஊன்றும். அம்மாற்றத்திற்கேற்ப நின் நடையும் அகன்றதை இன்றும் என் செவி கேட்கிறது. முதல் யெஸ் அன்றே மாய்ந்ததோ? மாய்ந்திருப்பினும் கையறுநிலை பாடுவார் இல்லை. நீ அங்கே நின்றாய் அல்லவா?

நின்றாய் என்பது எளிய சொல். நின் நிலைப்பைச் சொல்ல நின் கருவியைச் சொல்லவேண்டும். இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்த இளமையில் வாங்கிய ரிக்கன்பேக்கர் அது. அதன்மேல் பூப்போட்ட சுவர்த்தாளை ஒட்டினாய். பின் அதை உரித்து, மரத்தை இழைப்பித்துப் புதுப்பூச்சு இட்டாய், மீண்டும் இழைப்பித்தாய். இழைக்குந்தோறும் மரம் மெலிந்தது, கருவியின் எடை குறைந்தது. அதன் நாதத்தை இரு கூறாக்கி, தாழ்ந்த கூறை ஓர் ஆம்பிளிஃபயருக்கும், உயர்ந்த கூறைக் கரகரப்பேற்றி மற்றொன்றுக்கும் அனுப்பினாய். பிக் கொண்டு மீட்டினாய். பிறர் கையில் பேஸ் கிட்டார் நிலத்துள் புதைந்த அடிக்கல். நின் கையிலோ அது எழுந்து நடந்தது, பாடியவனோடு வழக்காடியது. 'ரவுண்டபவுட்' பாட்டைக் கேட்போர் பலர் குரலை விட்டு அடியில் ஓடும் அவ்வொலியைப் பின்தொடர்வர்; யானும் அவருள் ஒருவன். மீன் என்பது தோழர் நினக்கு இட்ட செல்லப்பெயர். அப்பெயரிலேயே 'ஃப்ராஜைல்' தொகுப்பில், பேஸ்மேல் பேஸாய் அடுக்கி ஒரு பாட்டே கட்டினாய்.

மரம் குறையக் குறைய அது மேலும் நின்னுடையதாயிற்று. ஆள் போய் ஆள் வந்த குழுவையும் அவ்வாறே கருதலாமோ என்று ஆறுதல் தேடினேன். நெஞ்சு ஒப்பவில்லை. எத்துணை இழைத்தாலும் கருவி ஒன்றாய் நின்றது, ஏந்திய கை ஒன்றாய் இருந்தமையால்.

பெயரின் கதை இன்னும் நோவு தருவது. 1980இல் ஆண்டர்சனும் வேக்மனும் நீங்க, டிரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும் வந்து 'டிராமா' தொகுப்பைத் தந்தனர். அதைப் பழித்தோர் பலர். யான் பழியேன், அதில் நின் விரல் தீப்பொறி. மறு ஆண்டே குழு கலைந்தது. நீ வைட்டோடும் டிரெவர் ராபினோடும் கூடிப் புதுக்குழு கண்டு 'சினிமா' என்று பெயரிட்டாய். ஆண்டர்சன் வந்து பாடியதும் அது மீண்டும் யெஸ் ஆயிற்று. 1984 ஜனவரியில் அமெரிக்கப் பாட்டு வரிசையின் முதலிடமும் ஏறியது. அங்ஙனமாயின் அக்குரல்தான் பெயரோ? 1989 அதையும் மறுத்தது. ஆண்டர்சன், புரூஃபோர்டு, வேக்மன், ஹவ் ஆகிய நால்வரும் ஒருங்கே நின்றனர். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' சமைத்த ஐவருள் நீ ஒருவனே அங்கில்லை. ஆயினும் யெஸ் என்று அவர் தம்மை அழைத்துக்கொள்ள இயலவில்லை. தம் நான்கு பெயரையும் வரிசையாய் எழுதி அதையே குழுப்பெயர் ஆக்கினர். அவர்தம் தொகுப்பில் பேஸ் மீட்டிய டோனி லெவின் பெருங்கலைஞன். எனினும் அந்நீரில் வேறு மீன் நீந்தியது. 1991இல் இரு சாராரும் கூடி எண்மராய் மேடை ஏறினீர்.

2008இல் ஆண்டர்சனின் மூச்சு நலிந்தது. நீ காத்திராமல் பெனுவா டேவிட்டை அழைத்தாய். 2012இல் ஜான் டேவிசன் வந்தான். இருவரும் யெஸ் பாடல்களையே பாடும் ரசிகர் குழுக்களில் பாடிப் பழகியவர். அன்று எனக்கு வலித்தது. அக்குரல் இன்றி எங்ஙனம் என்று நின்னோடு மனத்துள் பூசலிட்டேன். ஆள் எவராயினும் பாட்டு நிற்கவேண்டும் என்பதே நின் விடை. சொல்லால் அன்று, மேடையேறிக் காட்டிய விடை. அதே விடையை நோய்ப்படுக்கையில் நின் தலைமேலும் நீயே வைத்தாய். நின் இடத்தில் நிற்கப் பில்லி ஷெர்வுட்டைக் கேட்டவன் நீ. அதனால்தான் இன்றைய குழுவைப் பொய் என்று கூற நா எழவில்லை. கொடுத்தவன் கொடுத்தான், பெற்றவன் பெற்றான். இடையில் திருட்டு இல்லை.

2017 ஏப்ரலில், புரூக்ளினில், ராக் அண்ட் ரோல் புகழரங்கில் நின் பெயரும் ஏறியது. 'ரவுண்டபவுட்' பாட்டுக்கு ரஷ் குழுவின் கெடி லீ நின் இடத்தில் நின்று மீட்டினான். நின்னைக் கேட்டு வளர்ந்தவன் அவன், ஓரிடத்தும் பிழைக்கவில்லை. பிழையாமையே எனக்கு வருத்தமாயிற்று. 2022 மே 26 அன்று, குழுவில் சேர்ந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவதற்குச் சிறிது முன்னர், ஆலன் வைட்டும் மறைந்தான். இன்று பெயர் ஹவ்வோடு ஓரிடத்தில் பாடுகிறது. ஆண்டர்சனின் குரல் வேறு கலைஞரோடு வேறிடத்தில் பாடுகிறது. இரு மேடையிலும் நின் வரிகளை ஒருவன் நன்றாகவே மீட்டுகிறான்.

நீ மறைந்து ஆறு கிழமை கழித்து, ஆகஸ்டு 7 அன்று, கனெக்டிகட் மாநிலத்தில் நீ இல்லாத முதல் இரவு வந்தது. நீ இருந்தவரை யெஸ் பெயரில் வெளிவந்த ஒவ்வொரு தொகுப்பிலும் நீ இருந்தாய். அம்மேடையில் நீ நிற்குமிடத்தில் நின் பேஸ் கிட்டாரை நிறுத்தியிருந்தனர். அதன்மேல் ஓர் ஒளிவட்டம் விழுந்தது. 1978இல் நீ எழுதிய 'ஆன்வர்ட்' அரங்கில் பரவியது. நரம்புகள் ஒளியில் மின்னின. கூட்டம் எழுந்து அக்கருவியையே நோக்கி நின்றது.