கோல் யாருக்கு?

மாமல்லபுரம் போகும் வழியில், முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கொடுவா பிடிக்க ஏழடிக் கோலும் 4000 அளவு ரீலும் போதும். பிரெய்டு நூலின் முனையில் தடித்த தங்கூசி கட்டாயம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும். இதையெல்லாம் கேட்டபோது, "சாருக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். எனக்கு என்றதும் ஒரு குட்டைக் கோலை எடுத்து நீட்டினார்.

கோலைவிட, கயாக்கில் போடும் லைஃப் ஜாக்கெட்தான் பெரும்பாடு. மார்பை நசுக்கும், தளர்த்தினால் காதுவரை ஏறும். யார் உடம்பை அளந்து தைத்தது என்று போட்டதும் தெரிந்துவிடும். (சிறுநீரை அடக்கிக்கொண்டு துடுப்புப் போடுவதைப் பற்றி எந்த ஆண் நண்பரும் சொல்லித் தந்ததில்லை.)

இதே கழியில் இருளர் பெண்கள் நீருக்குள் அமர்ந்து, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கிறார்கள். ஓலைப் பறி பல்லில் இருக்கும். இரண்டு கையும் வேண்டுமே. அதை யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை. என் ரீலின் விலையை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதிர்கிறது. பல ஆண்டு கழித்துப் பெண்ணாகிறது. ஆண்கள் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொள்ளும் பெரிய கொடுவாக்கள் அநேகமாகப் பெண்கள். 1997இல் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் கொடுவாக் குஞ்சு பொரிக்க வைத்ததும் அப்படிப்பட்ட தாய்மீன்களைக் கொண்டுதான். நான் கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுகிறேன். ஐந்து கிலோவுக்கு மேல் வந்தால் விட்டுவிடுவதாக உத்தேசம். இதுவரை வந்ததில்லை.