இறங்குவது ஓர் ஊர், ஏறுவது வேறோர் ஊர்

ஐப்பசி, இரண்டாம் ஞாயிறு

ஆயக்குடியில் விடியும்போதே கொய்யா மணக்கிறது. சாலையோரச் சந்தையில் பெட்டி பெட்டியாகப் பழம் இறங்குகிறது. பெரும்பாலும் லக்னோ 49 ரகம். தரம் பிரித்து விலை பேசி முடித்து, வெயில் ஏறுமுன் லாரிகள் கிளம்பிவிடுகின்றன. பழம் கொண்டுவந்த பெண்கள் வெறுங்கூடையோடு டவுன் பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அவர்களோடு ஏறிக்கொண்டோம். மலையடிவாரத்தில் இறங்கித் தோப்புகளின் ஊடே கிழக்கே நடப்பது, சத்திரப்பட்டிப் பக்கம் சாலைக்கு வந்து வேறு பஸ் பிடிப்பது என்று திட்டம்.

காரில் வந்தால் இது முடியாது. வண்டியை விட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் அதில் பாதி, பார்த்ததையே மறுபடி பார்க்கும் நடை. பஸ்ஸில் வந்தவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஓர் ஊரில் இறங்கி அடுத்த ஊரில் ஏறலாம். வழி முழுக்கப் புதிதாகவே இருக்கும்.

தோப்பில் களை வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எங்க அம்மிணி போறீங்க?"

"சும்மா நடக்கத்தானுங்க."

"நல்லா நடங்க. பொழுது சாயறதுக்குள்ள ரோட்டுக்குப் போயிருங்க. ஆனை எறங்குற பக்கம்."

அவர் சொன்னதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டோம். சட்டப்பாறை, கோம்பைப்பட்டிப் பக்கமெல்லாம் யானை தோட்டத்துக்குள் வந்துபோவது இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த அடிவாரத்தில் காலையில் கிளம்பி மதியத்துக்குள் நடையை முடித்துவிட வேண்டும். காட்டு எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது.

கார்த்திகை, முதல் வியாழன்

இரண்டு நாள் மழை நேற்றோடு விட்டது. வரதமாநதி அணைக்குப் போனோம். பழனியிலிருந்து கொடைக்கானல் போகும் மலைப்பாதை தொடங்கும் இடத்திலேயே அணை இருக்கிறது. கொடைக்கானல் பஸ்ஸில் அணை நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கினோம். மற்றவர்கள் எல்லோரும் மேலே போக வந்தவர்கள். அணையில் இறங்கியது நாங்கள் மட்டும்தான்.

அணையின் முழுக் கொள்ளளவுக்கு நீர்மட்டம் 66.47 அடி. மலையில் பெய்த மழை ஓடைகளாக இறங்கி இங்கே தேங்குகிறது. ஆயக்குடிப் பக்கத்துக் குளங்களுக்கும் பழனியின் வையாபுரிக் குளத்துக்கும் தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாக இந்த அணையை ஒரு நிமிடம் பார்ப்பார்கள். நாங்கள் இங்கிருந்து கீழே, தண்ணீர் போகும் பக்கமாக ஆயக்குடியை நோக்கி நடந்தோம். அணையில் நின்ற நீர் வாய்க்காலாகி, மடையில் பிரிந்து, ஒரு தென்னந்தோப்பின் பாத்தியில் முடிவதுவரை கூடவே போக முடிந்தது. எங்கள் ஊர்க் கிணறுகளில் ஏன் தண்ணீர் ஊறுகிறது என்பதைப் படத்தில் பார்ப்பது வேறு, நடந்து பார்ப்பது வேறு.

வழியில் ஓர் இடத்தில் வாய்க்கால் கரையை மறித்துப் புதிதாகக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலியைச் சுற்றி வரப்பில் இறங்கி மறுபடி கரையேறினோம். அக்கா சொன்னார்: "நான் கல்யாணமாகி வந்தப்போ இந்தக் கரையில மாட்டுவண்டி போகும்."

நம் ஊர்களின் கிராம வரைபடத்தில் வண்டிப்பாதையும் நடைபாதையும் விட்டுவிட்டுப் போட்ட கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. காகிதத்தில் பாதை இருந்தும் காலில் இல்லாமல் போவது, அதில் நடப்பவர்கள் குறைவதால்தான். இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பண்ணையார்கள் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் ஏறி நடந்தார்கள். அதற்காக ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டம், ஊர்ப்பாதைகளை வரைபடத்தில் பதிந்து காக்கும் கடமையை அங்கே உள்ளூர் நிர்வாகங்களுக்கு ஏற்படுத்தியது. நம்மிடம் வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கையில் எடுத்து நடக்கும் கால்கள்தான் வேண்டும்.

மார்கழி, மூன்றாம் சனி

பழனியிலிருந்து பாலசமுத்திரம் வழியாகப் போகும் பஸ்ஸில் பொருந்தல் போனோம். மலையை ஒட்டிய சின்ன ஊர். 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் இங்கே அகழாய்வு செய்தார். ஓர் ஈமக்குழியில் ஜாடிக்குள் நெல் கிடைத்தது. அந்தக் குழியிலேயே பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும் இருந்தது. நெல்லைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது பொ.ஆ.மு. 490 என்று வந்தது. தமிழ் எழுத்தின் பழமை பற்றிய பேச்சையே மாற்றிய நெல் அது.

நாங்கள் போனபோது பார்க்கப் பலகையோ கூடமோ தேடவில்லை. ஊரைத் தாண்டி வயலோரம் நடந்தோம். நாற்று நட்ட வயல்களில் தண்ணீர் நின்றது. மலையிலிருந்து இறங்கும் ஆறு, அதை நம்பி நெல், நெல்லை நம்பி ஊர். இந்த வரிசை அன்றும் இப்படித்தான் இருந்திருக்கும். வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்டதாகச் சொல்லும் நாடு இது. வரப்பில் மயில்கள் எங்களுக்கு வழிவிட்டு நகர்ந்தன.

திரும்பும்போது பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறினார்கள். அரை நாள் சிறப்பு வகுப்பாம். ஒரு பெண் எங்களைப் பார்த்து, "ஆத்தா, நெல்லு கிடைச்ச எடம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். தன் ஊரின் பெருமை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பார்க்க ஆள் வருவது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு இன்றைய நடையின் பலன் அதுதான்.

தை, பூசத்துக்கு முந்தைய வாரம்

இந்த வாரம் பஸ் ஏற வேண்டியதே இல்லை. ஊரே சாலையில் நடக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனி வரும் சாலையோரம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, தோளில் காவடி. செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடியும் இந்தப் பக்கமாகத்தான் வரும்.

கணக்கன்பட்டிக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆயக்குடி வரை கூட்டத்தோடு நடந்து வந்தோம். ஊருக்குள் நுழையும்போது மேற்கே பழனி மலையும் இடும்பன் மலையும் தெரிகின்றன. பல நாள் நடந்து வந்தவர்கள் அந்த இடத்தில் நின்று கும்பிடுகிறார்கள். நம் மக்களுக்கு நடக்கத் தெரியாது, நடக்கப் பிடிக்காது என்பதெல்லாம் வெறும் பேச்சு. நிழல், தண்ணீர், வண்டி மோதாத பாதை இவை இருந்தால் லட்சக்கணக்கில் நடப்பார்கள். தைப்பூசத்துக்குச் செய்து கொடுத்ததில் நூறில் ஒரு பங்கை ஆண்டு முழுவதும் ஊர்ப்பாதைகளுக்குச் செய்தால் போதும்.

மாசி, கடைசி ஞாயிறு

ஐவர்மலை. பழனிக்கு மேற்கே பாப்பம்பட்டிப் பக்கம் போகும் பஸ். வயல்வெளி நடுவே தனித்து நிற்கும் குன்று. ஏறினால் இயற்கையாக அமைந்த நீண்ட பாறைக் குகைத்தளம், மேலே பாறையில் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள். அங்குள்ள கல்வெட்டு சக ஆண்டு 792, இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று இரண்டு கணக்கையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது பொ.ஆ. 870. பாண்டியர் கால வரிசையை நிலைநிறுத்தத் துணைநின்ற கல்வெட்டு இது. பார்சுவநாதர், இயக்கி உருவங்களைப் புதுப்பித்து, அவற்றின் வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் சோற்றுக்குமாக சாந்திவீரக் குரவர் என்ற துறவி 505 காணம் பொன் வைத்திருக்கிறார். வருகிற ஒருவருக்குச் சோறு இருக்க வேண்டும் என்று நினைத்த மனசு!

அக்கா பாறை நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தார். அவர் ஐம்பத்தைந்து வயதுவரை ஐவர்மலையைப் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் உள்ள இடம். "கேட்டுக் காசு வாங்கிட்டுப் போகணும்னா வந்திருப்பேனா?" என்றார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அதனால் மாதம் எவ்வளவு மிச்சம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். வேலை எதுவும் இல்லாமல், பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்ப முடிவதும் அதே அளவு பெரிய விஷயம்.

பங்குனி, முதல் புதன்

இன்று நடக்கவில்லை. கண்டக்டர்களிடமும் டீக்கடைகளிலும் கேட்டு எழுதி வைத்த பஸ் நேரங்களை ஒரு நோட்டில் ஊர்வாரியாக அக்காவும் நானும் பிரித்து எழுதினோம். எந்த நிறுத்தத்தில் இறங்கலாம், எங்கே நிழல், எங்கே குடிதண்ணீர், கடைசி வண்டி எப்போது என்று பக்கத்துக்கு ஒரு நடை. நகல் எடுத்து எங்கள் தெருப் பெண்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்கப் போகிறோம்.

நடக்க இடம் வேண்டும் என்று புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை. அணையும் குன்றும் வயலும் இருக்கின்றன. கிராமத்து டவுன் பஸ்ஸும், 1997இல் தொடங்கி உள்ளூர்களுக்குள் நுழைந்த மினிபஸ்ஸும் இருக்கின்றன. நாங்கள் கேட்பது மூன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நேரத்தை எழுதிப் போடுங்கள். வரைபடத்தில் உள்ள வண்டிப்பாதையை வேலி மறிக்காமல் பாருங்கள். ஆள் குறைவு என்று கடைசி வண்டியை நிறுத்தாதீர்கள். ஒரு கிராமத்தின் கடைசி பஸ் நின்றால் வேலைக்குப் போனவர் திரும்பும் வழியோடு, வெளியூர்க்காரர் அந்தக் கிராமத்தைக் காலால் தெரிந்துகொள்ளும் வழியும் அடைபடும்.

அடுத்த ஞாயிறு விருப்பாச்சி. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த கோபால் நாயக்கரின் ஊர். இந்த முறை தெருவில் இன்னும் சில பெண்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.